பட்டியலில் பெயர் இருக்கிறது, அழைப்பு வரவில்லை

கேள்வி: எனக்கு வயது 35. சொந்த ஊர் பாளையங்கோட்டை. ஆராய்ச்சிப் படிப்புக்காக அமெரிக்கா வந்து, நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் பெற்று, இப்போது மேரிலாந்தில் முதுமுனைவர் ஆய்வாளராக இருக்கிறேன். அசினெட்டோபாக்டர் பாக்டீரியாவின் மருந்து எதிர்ப்புத்தன்மைதான் என் ஆய்வு. குடியுரிமை கிடைத்ததும் அமெரிக்க இராணுவத்தின் மருத்துவ சேவைப் பிரிவில் நுண்ணுயிரியல் அதிகாரியாகச் சேர விண்ணப்பித்தேன். உடற்பரிசோதனை, நேர்காணல், பின்னணி விசாரணைப் படிவம் எல்லாம் முடிந்தன. தேர்வுக் குழுவின் முடிவு வந்தது: நான் ‘மாற்று வேட்பாளர்’, அதாவது காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறேன். ஆள்சேர்ப்பு அதிகாரி “பொறுமையாக இருங்கள், வாய்ப்பு இருக்கிறது” என்கிறார். என் ஆய்வு ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. கெய்த்தர்ஸ்பர்க்கில் ஒரு உயிர்தொழில்நுட்ப நிறுவனம் வேலை தருவதாகச் சொல்கிறது. அதை ஏற்றால் இராணுவ வாய்ப்பு போய்விடுமா? அவர்களிடம் விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? இரண்டாவது குழந்தையைப் பற்றி நானும் கணவரும் பேசிக்கொண்டிருந்தோம், அதையும் நிறுத்தி வைத்திருக்கிறோம். பெற்றோர் இந்தியாவில் இருப்பதால்தான் என்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்களோ என்றும் தோன்றுகிறது. அம்மாவோ, “மிலிட்டரியில் சைவச் சாப்பாடு கிடைக்குமா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மேரிலாந்து

அன்புள்ள சகோதரிக்கு,

கெய்த்தர்ஸ்பர்க் வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். காரணத்தைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். கடிதத்தைப் பாதியில் மடித்து வைப்பவர்களும் உண்டு என்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் அதே மருத்துவ சேவைப் பிரிவில் ஆய்வக அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களைப் போன்ற விண்ணப்பதாரர்களை நேர்காணல் செய்து மதிப்பீடு எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் காத்திருப்போர் பட்டியல் எப்படித் தெரியும் என்பதை முதலில் சொல்கிறேன்.

இராணுவத்துக்கு ஒவ்வொரு நிதியாண்டிலும் ஒவ்வொரு சிறப்புத் துறைக்கும் இத்தனை பேர் என்று ஓர் எண்ணிக்கை ஒதுக்கப்படும். நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்கி செப்டம்பர் 30இல் முடியும். மருத்துவர்களையும் செவிலியர்களையும் எடுக்கும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் நுண்ணுயிரியலாளர், உயிர்வேதியியலாளர் போன்றோருக்கான இடங்கள் மிகச் சொற்பம். தேர்வுக் குழு முதலில் தகுதி இல்லாதவர்களை நீக்கிவிடுகிறது. மிஞ்சியவர்களைத் தர வரிசையில் அடுக்குகிறது. இடம் இருக்கும் வரை மேலிருந்து எடுக்கிறது. அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்பவர்கள்தான் மாற்று வேட்பாளர்கள். குழுவின் கண்ணில் நீங்கள் அதிகாரியாகத் தகுதி பெற்றவர். இடம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். வேண்டாம் என்று நினைத்திருந்தால் அதை நேராகவே சொல்லியிருப்பார்கள். அதற்குத் தனிப் பட்டியல் உண்டு.

நெல்லை எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் எடுத்த அனுபவம் உங்களுக்கு இருக்கும். முன்னால் இருப்பவர் ரத்து செய்தால் நம் எண் நகரும். நாம் எவ்வளவு நல்ல பயணி என்பதற்கு அதில் வேலையில்லை. இங்கும் அதே கணக்குதான். ஒரு வித்தியாசம், ரயில்வே உங்கள் எண்ணைச் சொல்லிவிடும். இராணுவம் பெரும்பாலும் சொல்லாது.

முன்னால் இருப்பவர் எப்படி விலகுவார் என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அழைப்பு எந்தக் காலத்தில் வரக்கூடும் என்பது அதைப் பொறுத்தது. சிலர் முடிவு வந்த சில வாரங்களிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் பதவி கிடைத்திருக்கும், அல்லது வாழ்க்கைத் துணை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். சிலர் மருத்துவக் காரணத்தால் தடுக்கப்பட்டு விலக்குக் கேட்டுக் காத்திருப்பார்கள், அது மறுக்கப்படும். சிலருக்குப் பின்னணி விசாரணை இழுத்துக்கொண்டே போகும். இதெல்லாம் தாண்டினாலும் ‘ஸ்க்ரோல்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்குரிய சேவைக்கால மதிப்பைச் சேர்த்து உங்களைப் போன்றவர்களை வழக்கமாகக் கேப்டன் நிலையில் எடுக்கிறார்கள். கேப்டன் வரையிலான நியமனம் சட்டப்படி அதிபரின் அதிகாரம். அந்தப் பொறுப்பு பாதுகாப்புத் துறைச் செயலாளரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. மேஜரும் அதற்கு மேலும் என்றால் செனட்டின் ஒப்புதல் தேவை. ஆகவே தேர்வானவர்களின் பெயர்கள் ஒரு பட்டியலாக மேலே போய்க் கையெழுத்தாகித் திரும்ப வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் வேலை. அந்த இடைவெளியில் மனம் மாறி வேறு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அதனால்தான் சில அழைப்புகள் கோடையின் கடைசியில், யாரும் எதிர்பாராத நேரத்தில் வருகின்றன. அதே காரணத்தால்தான் சில பட்டியல்கள் கடைசி வரை ஓர் அங்குலமும் நகர்வதில்லை.

உங்கள் ஆள்சேர்ப்பு அதிகாரி சொல்லும் “பொறுமையாக இருங்கள்” என்ற சொல்லை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, பெரும்பாலான ஆள்சேர்ப்பு அதிகாரிகள் நேர்மையாக உழைப்பவர்கள். ஆனால் நீங்கள் பட்டியலில் நிற்பதால் அவருக்குச் செலவு எதுவும் இல்லை, உங்களுக்கு உண்டு. அவரிடம் ஆறுதல் கேட்காதீர்கள், தகவல் கேளுங்கள். இந்தப் பட்டியல் எந்தத் தேதியோடு காலாவதியாகிறது? என் துறையில் மட்டும் எத்தனை மாற்று வேட்பாளர்கள், அதில் நான் எங்கே நிற்கிறேன்? அழைப்பு வராவிட்டால் அடுத்த தேர்வுக் குழுவுக்கு என் கோப்பு தானாகப் போகுமா, நான் மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமா? கோப்பில் எந்த ஆவணம் எப்போது பழையதாகிவிடும்? இந்தக் கேள்விகளை மின்னஞ்சலில், ஒரே கடிதத்தில் அனுப்புங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் வராமல் போகலாம். மற்ற மூன்றுக்கும் அவரால் பதில் சொல்ல முடியும். வழக்கமாக இத்தகைய பட்டியல் நிதியாண்டோடு உயிரை விடும். எனவே செப்டம்பர் 30ஐ இப்போதே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி வேலை விஷயம். அமெரிக்காவில் 1994இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘யுசெர்ரா’ என்பார்கள். இராணுவ சேவைக்காக வேலையை விட்டுப் போகிறவரை, அவர் திரும்பி வரும்போது மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். ஒரே நிறுவனத்தைப் பொறுத்தவரை மொத்தம் 5 ஆண்டு சேவை வரை இந்தப் பாதுகாப்பு நீடிக்கும். சேவை கட்டாயத்தால் வந்ததா, விருப்பத்தால் வந்ததா என்ற பேதம் இல்லை. முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுப் போக வேண்டும், திரும்பியதும் உரிய காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆக, நிறுவனத்தில் சேர்ந்த சில மாதங்களில் அழைப்பு வந்தாலும் நீங்கள் யாரையும் ஏமாற்றியதாகாது. நாட்டின் சட்டமே அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. குறுகிய காலத் தற்காலிக வேலைகளுக்கு இது முழுதாகப் பொருந்தாது. ஜூனில் முடியும் ஆய்வு ஒப்பந்தத்தை இன்னும் சில மாதம் நீட்டித்துக்கொண்டு காத்திருப்பதைவிட நிரந்தர வேலையில் சேர்வதே உங்களுக்குப் பாதுகாப்பு.

அவர்களிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்கிறீர்கள். சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. இராணுவத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்ற காரணத்துக்காக வேலை மறுப்பதை அதே சட்டம் தடை செய்கிறது. ஆனால் அழைப்பு வரும் வாய்ப்பு உறுதியில்லாத நிலையில், நேர்காணல் மேசையில் இதைப் பேசுவதால் யாருக்கும் பயன் இல்லை என்பது என் கருத்து. வேலையில் சேர்ந்து, மேலாளரோடு ஓரளவு பழகிய பிறகு, பட்டியல் நகர்கிறது என்று தெரிந்தால் அப்போது சொல்லுங்கள். ஒன்றை மட்டும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்: சேரும்போது தரும் போனஸ். ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற விதி பல நிறுவனங்களில் இருக்கிறது. இராணுவ சேவைக்காக விலகுவது அந்த விதிக்கு விலக்கா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொதுவான கேள்வியாகக் கேட்டால் போதும்.

குழந்தை விஷயத்தில் நான் சற்றுக் கண்டிப்பாகவே பேசப்போகிறேன். கர்ப்பமாக இருக்கும்போதும், கர்ப்பம் முடிந்து 6 மாதம் வரையிலும் புதிதாகச் சேர்வதற்கு மருத்துவ விதிகள் இடம் தருவதில்லை. உங்களுக்கு இது தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன், அதனால்தான் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். வரலாம், வராமலும் போகலாம் என்ற ஓர் அழைப்புக்காக 35 வயதில் குழந்தையைத் தள்ளிப்போடாதீர்கள். அழைப்பு வரும்போது கர்ப்பமாக இருந்தால் அந்தச் சுற்று போகும், உண்மைதான். அடுத்த குழு அடுத்த ஆண்டும் கூடும். இதில் முடிவு உங்களுடையதும் உங்கள் கணவருடையதும்தான். அந்தப் பேச்சில் தேர்வுக் குழுவுக்கும் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டாம் என்கிறேன்.

“அடுத்த ஆண்டும் விண்ணப்பித்தால் வயது தாண்டிவிடுமே” என்ற பயம் இருக்கலாம். 42 வயது என்ற எல்லை பரவலாகச் சொல்லப்படுகிறது. அதற்கு உங்களுக்கு இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. மருத்துவத் துறைகளுக்கு வயது விலக்கும் கேட்கலாம்.

பெற்றோர் இந்தியாவில் இருப்பதால்தான் பின்னுக்குத் தள்ளினார்களோ என்ற சந்தேகத்தை விட்டுவிடுங்கள். தேர்வுக் குழு தரம் பார்க்கிறது. பின்னணி விசாரணை வேறொரு அலுவலகத்தின் வேலை. வெளிநாட்டில் உறவினர் இருப்பது தானாகவே தகுதி இழப்பு ஆகாது. விசாரிப்பவர்கள் பார்ப்பது, அந்த உறவைக் கொண்டு யாராவது உங்களை நெருக்க முடியுமா என்பதையும், நீங்கள் எதையாவது மறைக்கிறீர்களா என்பதையும்தான். நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இரண்டாவது இடத்தில். மறைக்க வேண்டும் என்ற எண்ணத்தால் அல்ல, ‘இதெல்லாம் ஒரு பொருட்டா’ என்ற எண்ணத்தால். பாளையங்கோட்டையில் அப்பா உங்கள் பெயரையும் சேர்த்துத் திறந்த வங்கிக் கணக்கு, தாத்தா வழி வந்த வீட்டில் ஒரு பங்கு, எப்போதோ போட்டு மறந்த வைப்பு நிதி, எல்லாம் எஸ்.எஃப். 86 என்ற பின்னணி விசாரணைப் படிவத்தில் வர வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளில் உள்ள தொகை எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் அமெரிக்க நிதித் துறைக்குத் தனி அறிக்கையும் தர வேண்டும். அதைத் தராமல் விட்டிருந்தால் இந்தக் காத்திருப்புக் காலத்தில் ஒரு வரி ஆலோசகரைப் பார்த்து ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். படிவத்தில் எதையாவது விட்டிருப்பது இப்போது நினைவுக்கு வந்தால், விசாரிப்பவர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே திருத்தம் கொடுங்கள். தானே முன்வந்து திருத்தியவரைப் பார்க்கும் கண் வேறு.

இன்னொரு விஷயம் நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வந்த எவரும் உறுதிமொழி எடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது. வெளிநாட்டு இராணுவத்தில் பணியாற்றுபவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா வந்துபோக உதவும் அட்டை) வழங்குவதில்லை என்பது இந்திய அரசின் விதி. நீங்கள் இன்னும் அந்த அட்டை எடுக்கவில்லை என்றால், கமிஷன், அதாவது இராணுவ அதிகாரி நியமனம், பெற்ற பிறகு கிடைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால் உங்கள் நிலை என்ன என்பதைக் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒரு இந்திய வழக்கறிஞரிடம் எழுத்தில் கேளுங்கள். இது சின்ன விஷயமல்ல. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரவில் தொலைபேசி வந்தால் மறுநாள் விமானம் ஏறுவது ஒன்று. விடுப்புக்கு அனுமதி பெற்று, வெளிநாட்டுப் பயணத்தை முறைப்படி தெரிவித்து, விசாவுக்கும் விண்ணப்பித்துப் போவது வேறொன்று. பலர் இதைச் சமாளித்துத்தான் வாழ்கிறார்கள். ஆனால் கணவரோடும் பெற்றோரோடும் பேச வேண்டிய பேச்சு இது, பட்டியல் நகர்வதற்கு முன்பே.

கணவரைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. எழுதாததையும் நான் கவனித்தேன். தொடக்கப் பயிற்சியின் முக்கியப் பகுதி டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவில், ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில் நடக்கும். அதன் பிறகு நுண்ணுயிரியலாளருக்கான இடங்களில் கணிசமானவை உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. சில்வர் ஸ்பிரிங்கில் வால்டர் ரீட் இராணுவ ஆராய்ச்சி நிறுவனம், ஃபிரெடரிக்கில் ஃபோர்ட் டெட்ரிக்கின் தொற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம். ஆனால் முதல் நியமனம் அங்கேயே கிடைக்கும் என்று யாரும் வாக்குறுதி தர முடியாது. கிடைத்தாலும் சில ஆண்டுகளில் பாங்காக்கில் உள்ள ஆய்வகத்துக்கோ கென்யாவுக்கோ மாற்றல் வரலாம். எனக்கு அது இந்தப் பணியின் மிகச் சிறந்த பகுதியாக இருந்தது. வேறு வேலையில் இருக்கும் வாழ்க்கைத் துணைக்கு அப்படி இருக்க வேண்டும் என்று இல்லை. இன்னும் ஒன்று: இராணுவத்தில் விஞ்ஞானி வயதாக ஆக ஆய்வு மேசையை விட்டு நிர்வாகத்துக்கு நகர்த்தப்படுவார். பதவி உயர்வு இரண்டு முறை தவறினால் பொதுவாக வெளியேற வேண்டியிருக்கும். பைப்பெட்டைக் கையிலிருந்து கீழே வைக்க மனம் வராதவர்களுக்கு இது கசக்கும். நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்குத் தெரியும்.

இனி, அடுத்த சுற்றுக்குப் போக நேர்ந்தால் கோப்பை எப்படி வலுப்படுத்துவது என்று பார்ப்போம். இங்கேதான் உங்கள் கை ஓங்கியிருக்கிறது, நீங்கள் அதை உணர்ந்த மாதிரி தெரியவில்லை. அசினெட்டோபாக்டர் பௌமானி! இராக்கில் காயம்பட்டுத் திரும்பிய வீரர்களின் புண்களில் மருந்துக்கு அடங்காமல் வளர்ந்து, இராணுவ மருத்துவமனைகளைத் திணறடித்த கிருமி. ‘இராக்கிபாக்டர்’ என்று பட்டப்பெயரே வைத்தார்கள். பல மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளை இராணுவ மருத்துவமனைகளிலிருந்து சேகரித்து, மரபணு வரிசை பார்த்து, பரவலைக் கண்காணிக்கும் ஒரு பிரிவே வால்டர் ரீட் நிறுவனத்தில் இயங்குகிறது. இப்படிப்பட்ட ஆய்வை வைத்துக்கொண்டு, விண்ணப்பத்தின் நோக்க அறிக்கையில் என்ன எழுதினீர்கள்? என் அனுமானம் தவறாக இருக்கலாம். ஆனால் புதிதாகக் குடியுரிமை பெற்ற நம்மவர்கள் பெரும்பாலும் “இந்த நாடு எனக்கு வாழ்வளித்தது, நன்றிக்கடன் செலுத்த விரும்புகிறேன்” என்று இரண்டு பக்கம் எழுதுவார்கள். அது உண்மையான உணர்வு, மதிக்கிறேன். ஆனால் குழுவில் அமர்ந்திருப்பவர் அன்று அதே வாக்கியத்தைப் பலமுறை படித்திருப்பார். காயம்பட்ட வீரரின் காலில் வளரும் கிருமிக்கு எதிராக உங்களுக்கு என்ன தெரியும், களத்துக்கு அருகில் ஒரு சிறிய ஆய்வகத்தை நடத்தச் சொன்னால் என்ன செய்வீர்கள், உங்கள் கீழ் பணியாற்றும் இளம் தொழில்நுட்ப வீரர்களை எப்படிப் பழக்குவீர்கள் என்று எழுதுங்கள். நன்றி ஒரு வரியில் இருந்தால் போதும்.

குழுக்கள் விஞ்ஞானிகளிடம் சந்தேகப்படுவது அறிவை அல்ல, தலைமையை. பெயருக்கு முன்னால் முனைவர் என்று இருப்பதால் அறிவு நிரூபணம் ஆகிவிட்டது. பத்துப் பேரை வைத்து வேலை வாங்கியிருக்கிறாரா, ஏதாவது தவறிப்போனபோது பொறுப்பெடுத்தாரா என்பது தாளில் தெரிவதில்லை. கெய்த்தர்ஸ்பர்க் வேலை இங்கேயும் உதவும். அங்கே ஒரு சிறு குழுவையாவது நடத்தும் பொறுப்பு கிடைத்தால், அடுத்த விண்ணப்பத்தில் அது இன்னொரு ஆய்வுக் கட்டுரையைவிடக் கனமாக நிற்கும். பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றாவது சீருடை அணிந்த, அல்லது அணிந்திருந்த ஒருவரிடமிருந்து வருவது நல்லது. மேரிலாந்தில் இருந்துகொண்டு அப்படி ஒருவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்; கருத்தரங்கங்களில் பாதிப் பேர் அவர்கள்தான்.

உடல்தகுதியைப் பற்றிச் சுருக்கமாக: 2025 ஜூன் முதல் இராணுவத்தின் தேர்வு மாறியிருக்கிறது. எடை தூக்குதல், கையை விரித்துச் செய்யும் தண்டால், பாரம் இழுத்து ஓடுதல், பிளாங்க், இரண்டு மைல் ஓட்டம் என்று ஐந்து. ஆய்வகத்தில் நின்றே பழகியவர்களை ஓட்டம் கவிழ்க்கும் என்று நினைப்பார்கள், உண்மையில் எடை தூக்குவதுதான் கவிழ்க்கிறது. நல்ல பயிற்சியாளரிடம் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். முதுகைக் கெடுத்துக்கொண்டால் மருத்துவப் பரிசோதனையில் போய் நிற்கும். குழந்தை பற்றிய முடிவு எப்படியோ அதற்கேற்ப இதைத் தள்ளிவைத்தாலும் பாதகமில்லை.

வேறு வழிகளும் இருக்கின்றன. எல்லாவற்றையும் விவரிக்காமல், உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன். இராணுவ ரிசர்வில் இதே நுண்ணுயிரியல் துறை இருக்கிறது. மாதத்தில் ஒரு வார இறுதி, ஆண்டில் இரண்டு வாரம் என்பது அதன் வழக்கமான அளவு. அதற்கான இடங்களின் கணக்கு தனி. உங்கள் குடும்பச் சூழலில் அது முழுநேரப் பணியைவிடப் பொருத்தமாகக்கூட இருக்கலாம். கெய்த்தர்ஸ்பர்க் வேலையையும் விட வேண்டியதில்லை, யுசெர்ரா அதற்கும் பொருந்தும். ஆனால் ரிசர்வ் என்றால் போருக்கு அழைக்க மாட்டார்கள் என்று நினைத்துச் சேராதீர்கள், அழைப்பார்கள். கடற்படையும் நுண்ணுயிரியலாளர்களை எடுக்கிறது. அங்கே விண்ணப்பித்தால் இரண்டு ஆள்சேர்ப்பு அதிகாரிகளிடமும் மற்றவரைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். உங்கள் உடற்பரிசோதனைக் கோப்பு அவர்களுக்குப் பொதுவானது, எப்படியும் தெரிந்துவிடும். பொதுச் சுகாதாரச் சேவையின் கமிஷன் பிரிவும் முனைவர் பட்டம் பெற்ற விஞ்ஞானிகளுக்கென்று தனி வகை வைத்திருக்கிறது. சீருடை உண்டு, துப்பாக்கி இல்லை. இவை எதுவும் வேண்டாம், அந்த ஆய்வகம்தான் வேண்டும் என்றால், சீருடை இல்லாமலே வால்டர் ரீட் நிறுவனத்துக்குள் போக வழி இருக்கிறது. தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வாளர் திட்டத்தின் மூலம் முதுமுனைவர் ஆய்வாளர்கள் அங்கே வேலை செய்கிறார்கள், அரசு ஊழியர்களாகவும் பல விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். 2009இல் முடிவு வெளியான தாய்லாந்து எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனையில் 16,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். தொற்றை ஏறத்தாழ 31 சதவீதம் குறைத்தது என்று கணக்கிட்டார்கள். அந்தச் சோதனைக்குப் பின்னால் இராணுவ அதிகாரிகளும் இருந்தார்கள், சிவிலியன்களும் இருந்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு வேண்டியது சீருடையா, அந்த வேலையா என்று உங்கள் கடிதத்தில் எனக்குப் புரியவில்லை. சீருடைதான் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அப்படியானால் அடுத்த குழுவுக்கும் அதற்கு அடுத்த குழுவுக்கும் விண்ணப்பியுங்கள். ஒருமுறை மாற்று வேட்பாளராக நின்றவர் கோப்பைத் திருத்திக்கொண்டு மறுபடி வந்தால் குழு அதை விடாமுயற்சியாகத்தான் பார்க்கிறது. வேலைதான் வேண்டும் என்றால், பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்க எந்தக் காரணமும் இல்லை.

அம்மாவுக்கு: களத்தில் கொடுக்கும் பொட்டல உணவில் 24 வகை உண்டு, அதில் 4 சைவம். அந்த நான்கையும் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டால் அலுத்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஆய்வக விஞ்ஞானிகள் வருடத்தில் பெரும்பகுதியை வீட்டுச் சாப்பாட்டோடுதான் கழிக்கிறார்கள். ஊறுகாய் பாட்டில் ஒன்று பையில் இருந்தால் எந்த மேலதிகாரியும் ஆட்சேபிப்பதில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் பங்கு கேட்பார், அதற்குத் தயாராக இரண்டாகக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

இந்த வாரமே ஆள்சேர்ப்பு அதிகாரிக்கு அந்த மின்னஞ்சலை அனுப்புங்கள். உடற்பரிசோதனை முடிந்த தேதியையும் எடுத்துப் பாருங்கள். அது வழக்கமாக இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும், அடுத்த குழு கூடும்போது உயிரோடு இருக்குமா என்று தெரிய வேண்டும். நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் போனஸ் விதி குழப்பமாக இருந்தால், பெயர்களை நீக்கிவிட்டு அந்தப் பத்தியை மட்டும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.